அடையாளத் திருட்டு: இழந்தவர் எவர், ஈடுசெய்ய வேண்டியவர் எவர்?

சமுதாயத்தில் வழங்கும் சொற்கள் யாவும் நடுநிலையானவை அல்ல. ஒரு சொல் வழக்கிற்கு வரும்போதே, அது சுட்டும் நிகழ்வில் குற்றவாளி யார், பாதிக்கப்பட்டவர் யார், பொறுப்பாளி யார் என்ற தீர்ப்பும் அதனுடன் சேர்ந்து வந்துவிடுவதுண்டு. வங்கிகளின் அறிவித்தல்களிலும் பொலிஸாரின் எச்சரிக்கைகளிலும் பத்திரிகைச் செய்திகளிலும் இன்று அடிக்கடி இடம்பெறும் ‘அடையாளத் திருட்டு’ என்னும் தொடர் அத்தகையது. இத்தொடரைக் கேட்ட மாத்திரத்தே, தமது உடைமையைப் பூட்டி வைக்கத் தவறிய ஒரு கவனமற்ற மனிதரின் உருவமே மனதில் எழுகின்றது. அவ்வாறு எழவேண்டும் என்பதே இத்தொடரால் நன்மை பெறுவோரின் விருப்பமுமாகும்.

நிகழ்வை அதன் உறுப்புகளாகப் பிரித்து நோக்குமிடத்து உண்மை புலனாகும். ஒருவன் பிறிதொருவரின் பெயரையும் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையும் பயன்படுத்தி நிதி நிறுவனம் ஒன்றிடம் கடன் பெற்று மறைந்துவிடுகின்றான் எனக் கொள்க. இங்கு பொய் சொல்லப்பட்டது நிறுவனத்திடம். அதனை நம்பியது நிறுவனம். கைமாறிய பணமும் நிறுவனத்தின் பணமே. பெயருக்குரியவர் அவ்வேளையில் தமது வயலிலோ வகுப்பறையிலோ தம்பாட்டில் இருந்திருப்பார். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக் கோவை இதனை ‘ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல்’ என அழைத்தது. அக்குற்றத்தில் பாதிக்கப்பட்டவர் ஏமாற்றப்பட்டவரே. ஆயின் ‘அடையாளத் திருட்டு’ என்ற புதுப்பெயர் சூட்டப்பட்டதும் காட்சி தலைகீழாகின்றது. ஏமாந்த நிறுவனம் சாட்சியாகி ஒதுங்கிக்கொள்ள, நிகழ்வுடன் தொடர்பேயற்ற மனிதர் ‘பாதிக்கப்பட்டவர்’ ஆக்கப்படுகின்றார். கடனைக் கேட்டு அவரது வீட்டு வாசலுக்குக் கடிதம் வருகின்றது. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட கடன் தகவல் பணியகத்தின் பதிவேட்டில் அவர் கடன் செலுத்தத் தவறியவராகப் பதியப்படக்கூடும். தாம் செய்யாத ஒன்றைத் தாம் செய்யவில்லை என நிரூபிக்கும் பெரும்பணி அவர் தலையில் சுமத்தப்படுகின்றது. இது திருட்டைப் பற்றிய விளக்கம் அன்று. நட்டத்தை இடம்மாற்றும் உபாயமாகும்.

இவ்வுபாயம் செல்லுபடியாவதற்கு அடிப்படையாக அமைவது ஒரு பெரும் பொய்யாகும். பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம் ஆகியன ஒருவர் மட்டுமே அறிந்த இரகசியங்கள் என்பதே அப்பொய். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்களைப் பதிவுசெய்தல் சட்டத்தின்கீழ் 1972 முதல் வழங்கப்பட்டுவரும் அடையாள அட்டையின் இலக்கத்தை எடுத்துக்கொள்வோர் எத்தனை பேர்! அரச அலுவலகத்தின் வாயிற்காவலாளி அதனைக் கொப்பியில் எழுதிக்கொள்கின்றார். விடுதிக்காரர், அடகு பிடிப்பவர், தொலைபேசிக் கடைக்காரர், தொழில் தருவோர் எனக் கேட்போரின் வரிசை நீளுகின்றது. அட்டையின் நிழற்படப் பிரதிகள் எந்த அலுமாரியில் உறங்குகின்றன என்பதை எவரும் அறியார். பழைய இலக்கத்தின் முதலிரு எண்கள் பிறந்த ஆண்டையும், அடுத்த மூன்று எண்கள் அவ்வாண்டில் பிறந்த நாளின் வரிசையையும் குறிப்பன. பெண்களாயின் அம்மூன்றுடன் 500 கூட்டப்படும். 2016 முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க முறையும் இவ்வமைப்பையே பின்பற்றுகின்றது. ஆகவே இலக்கத்தை அறிந்தவன் பிறந்த திகதியையும் பாலையும் அறிந்தவனாகின்றான். நாடெங்கும் கொப்பிகளில் எழுதப்பட்டுக் கிடக்கும் ஒன்றைத் தொலைபேசியில் சரியாகச் சொன்னவரே உரியவர் என ஒரு நிறுவனம் ஏற்குமாயின், அங்கு தவறியவர் எவர்? ஒருவரின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பவனெல்லாம் அவரே ஆகிவிடுவானா?

இலக்கத்தை ஆளாகக் கொள்ளும் இம்மடமை இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1936இல் சமூகப் பாதுகாப்பு இலக்கம் அறிமுகஞ் செய்யப்பட்டது. 1938இல் நியூயோர்க் மாநிலத்தின் லொக்போர்ட் நகரிலிருந்த பணப்பை உற்பத்தியாளர் ஒருவர், தமது பணப்பையில் அவ்வட்டை எவ்வளவு பொருத்தமாக அமையும் எனக் காட்டும் பொருட்டு மாதிரி அட்டை ஒன்றை ஒவ்வொரு பையினுள்ளும் செருகி விற்றார். அம்மாதிரியில் அச்சிடப்பட்டிருந்ததோ அந்நிறுவனத்தின் செயலாளர் ஒருவரின் உண்மையான இலக்கம். வாங்கியோர் பலர் அதனையே தமது இலக்கமாகக் கொண்டனர். 1943இல் மாத்திரம் 5,755 பேர் அதனைப் பயன்படுத்திக்கொண்டிருந்தனர். காலப்போக்கில் இத்தொகை 40,000ஐத் தாண்டியது. உரியவருக்கு ஈற்றில் வேறு இலக்கம் வழங்க நேர்ந்தது. பின்னர் 1946 முதல் 1972 வரை வழங்கப்பட்ட அட்டைகளில், அவை ஆளடையாளத்திற்கு உரியனவல்ல என்ற வாசகமே பொறிக்கப்பட்டிருந்தது. எனினும் வங்கிகளும் கடன் நிறுவனங்களும் தமது செலவைக் குறைக்கும் பொருட்டு அவ்விலக்கத்தையே ஆளடையாளமாக்கிக் கொண்டன. அட்டையிலிருந்த எச்சரிக்கையை மீறியவர்கள் மக்கள் அல்லர்.

‘மக்கள் விழிப்பாக இருந்தால் இவை நிகழா’ என உபதேசிப்போருக்கு 2017ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றே தக்க விடையாகும். ஈக்குவிபெக்ஸ் என்னும் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனத்தின் கணினிகளிலிருந்து ஏறத்தாழ 14.7 கோடி மக்களின் பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் முதலியன களவாடப்பட்டன. பயன்படுத்திய மென்பொருளில் இருந்த ஓட்டையும் அதனை அடைக்கும் வழியும் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே பகிரங்கமாக அறிவிக்கப்பட்டிருந்தன. நிறுவனம் அடைக்கவில்லை. மே முதல் யூலை வரை கள்வர் உள்ளே உலாவினர். யூலை இறுதியில் உண்மையை அறிந்த நிறுவனம் செப்டெம்பர் 7ஆம் திகதியே மக்களுக்கு அதனை அறிவித்தது. களவு போன விபரங்களுக்குரியோருள் மிகப் பெரும்பாலானோர் அந்நிறுவனத்திடம் தாமாகச் சென்று எதனையும் ஒப்படைத்தவரல்லர். அவர்களைப் பற்றிய விபரங்களை வங்கிகளிடமிருந்து திரட்டி விற்பதே அந்நிறுவனத்தின் தொழில். தம்மிடம் கேளாமலே எடுக்கப்பட்டுத் தாம் அறியாத இடத்தில் வைக்கப்பட்டிருந்த ஒன்றைக் காப்பதற்கு அம்மக்கள் எவ்வாறு விழித்திருந்திருக்க முடியும்?

நட்டத்தை யார் ஏற்பது என்ற கேள்வி நீதியைப் பற்றியது மட்டுமன்று, பாதுகாப்பைப் பற்றியதுமாகும். 1980இல் நியூயோர்க்கில் ஒரு பெண்மணி, பணம் வழங்கும் தன்னியக்க இயந்திரத்தின் மூலம் தமது கணக்கிலிருந்து எடுக்கப்பட்ட பணத்தைத் தாம் எடுக்கவில்லை என வழக்காடினார். இயந்திரத்தின் பதிவைவிட அவரது வாக்குமூலத்தையே நீதிமன்றம் நம்பியது. நிரூபிக்கும் கடமை வங்கியின் பக்கம் சென்றது. பிரித்தானியாவிலோ தமது இயந்திரங்கள் தவறே இழைக்கா என வங்கிகள் சாதித்தன. எடுக்காத பணம் எடுக்கப்பட்டதாக முறையிட்ட பொலிஸ் கொன்ஸ்ரபிள் ஒருவர், மோசடிக்கு முயன்றார் என 1994இல் குற்றவாளியாகக் காணப்பட்டார். தனது கணினி முறைமையை எதிர்த்தரப்பு நிபுணர் பரிசோதிப்பதற்கு வங்கி இடமளிக்காமையால், 1996இல் மேன்முறையீட்டில் அதன் சான்று தள்ளப்பட்டு அவர் விடுதலையானார். இவ்விரு நாடுகளின் அனுபவங்களை 1993இலேயே ஒப்புநோக்கிய கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் றொஸ் அன்டர்சன், நட்டத்தைத் தாமே ஏற்க நேர்ந்த வங்கிகளே பாதுகாப்பில் உண்மையான சிரத்தை கொண்டன என்றும், வாடிக்கையாளர் மீது பழியைச் சுமத்த முடிந்த வங்கிகள் அசட்டையாயின என்றும் எடுத்துக்காட்டினார். பூட்டைத் திருத்தும் வல்லமை எவரிடம் உள்ளதோ அவரே இழப்பையும் ஏற்பாராயின் பூட்டு திருத்தப்படும். இழப்பு வேறொருவருடையதாயின் அது துருப்பிடித்தே கிடக்கும்.

‘வங்கி அனுப்பிய ஒருமுறைக் கடவுச்சொல்லைத் தாமே அந்நியனுக்குச் சொல்லிவிட்டு, பின்னர் வங்கியைக் குறைகூறலாமா?’ என்பது இதற்கெதிராக வைக்கப்படும் வலிமையான வாதமாகும். பரிசு விழுந்துள்ளதாகவோ, கணக்கு முடக்கப்பட்டுள்ளதாகவோ கூறும் குரலை நம்பி ஏமாறுவோர் உளர் என்பது உண்மையே. ஆயின் ஏமாற்றுவோன் தனது பேச்சிற்கு நம்பகம் தேடுவது எதனால்? அழைக்கப்பட்டவரின் முழுப்பெயரையும் வங்கியையும் அட்டை இலக்கத்தையும் அவன் முன்னரே அறிந்திருப்பதனாலேயே. அவ்விபரங்கள் கசிந்த வழியைக் கேளாமல் இறுதிக் கணத்தில் ஏமாந்தவரை மட்டும் குற்றஞ்சாட்டுவது அரைநீதி. பிரித்தானியாவில் 2024 ஒக்டோபர் 7 முதல் நடைமுறையிலுள்ள விதி இவ்விடத்தில் கருதத்தக்கது. ஏமாற்றப்பட்டுத் தாமே பணத்தை அனுப்பிவிட்ட ஒருவருக்கும் 85,000 பவுண் வரை ஈடுசெய்யப்படல் வேண்டும். அச்செலவை அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்ளும். பாரதூரமான அசட்டை மாத்திரமே விலக்காகும். முன்னர் வாடிக்கையாளரைக் கூண்டில் ஏற்றிய நாடே இன்று இவ்வழிக்கு வந்துள்ளது. நிறுவனங்கள் நட்டத்தை ஏற்பின் கட்டணம் உயரும் எனச் சிலர் அஞ்சுவர். பல்லாயிரம் பேரிடையே பகிரப்படும் சிறுசுமையா, ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் அழிவதா தாங்கத்தக்கது என்பதை அவர்கள் சிந்திப்பார்களாக.

தகவலைத் திரட்டுவோருள் முதன்மையானது அரசாகும். திரட்டுவோரே காவலுக்குப் பொறுப்பாவர் என்ற நியதி அரசுக்கும் பொருந்தும். 2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் கணினிச் சேமிப்பகம் கப்பம் கோரும் நச்சுநிரலால் தாக்கப்பட்டபோது, ஏறக்குறைய 5,000 அரச மின்னஞ்சல் கணக்குகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் அழிந்தன. அக்காலப் பகுதிக்கு மறுபிரதி இருக்கவில்லை. காவலின் தரம் இதுவாயின், திரட்டப்படுவதன் அளவு குறித்து ஐயுறுவது நியாயமேயாகும். மேலும், தவறான கைகளுக்குச் சேரும் விபரம் பணத்தை மட்டுமே பறிக்கும் என எண்ணுவது இந்நாட்டின் வரலாற்றை மறப்பதாகும். 1983 யூலை வன்செயல்களின்போது கொழும்பில் தமிழர் இல்லங்களைத் தேடிச் சென்றோரின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தமையைப் பல சாட்சியங்களும் ஆய்வுகளும் பதிவுசெய்துள்ளன. வாக்களிப்பதற்காகக் கொடுக்கப்பட்ட பெயரும் முகவரியும் வீட்டை எரிப்பதற்கு வழிகாட்டின. ஒரு நோக்கத்திற்காகப் பெற்ற விபரம் பிறிதொரு நோக்கத்திற்குச் செல்லலாகாது என்ற கோட்பாட்டின் பெறுமதியை எடுத்துரைக்க இதனிலும் கொடிய உதாரணம் வேண்டுவதில்லை.

இக்கோட்பாட்டைக் கொண்ட தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக நிறைவேற்றப்பட்டது. ஆயின் 2025 மார்ச் 18ஆம் திகதி நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டு, அவ்வாண்டிலேயே திருத்தமும் கொண்டுவரப்பட்டது. காவலுக்கான ஏற்பாடு இவ்வாறு தள்ளிப்போக, முகம், கருவிழி, கைரேகை ஆகியவற்றைத் திரட்டும் டிஜிட்டல் அடையாளத் திட்டம் இந்திய நிதியுதவியுடன் முன்னெடுக்கப்படுகின்றது. இந்தியாவின் அனுபவம் என்ன? 2018 சனவரியில், ஆதார் விபரத் தொகுதியினுள் நுழையும் வழியை 500 ரூபாவுக்குத் தரகரிடமிருந்து பெற முடிந்ததை ‘தி ட்ரிபியூன்’ பத்திரிகை வெளிப்படுத்தியது. ஓட்டையை எடுத்துக்காட்டிய செய்தியாளர் மீதே பொலிஸ் முறைப்பாடு பாய்ந்தது. அமெரிக்க அரசின் ஆளணி முகாமைத்துவ அலுவலகத்திலிருந்து 2015இல் 56 இலட்சம் பேரின் கைரேகைகள் களவு போனமை வெளியாயிற்று. இழந்த கடவுச்சொல்லை மாற்றலாம். அட்டையை மீளப் பெறலாம். இழந்த விரலுக்கு மாற்று விரல் வழங்கும் திணைக்களம் எங்குளது?

ஆகவே வேண்டப்படுவது மேலும் ஒரு விழிப்புணர்வு வாரமன்று. இலக்கத்தை அறிந்திருத்தல் மட்டும் எந்தக் கொடுக்கல் வாங்கலுக்கும் சான்றாகாது எனச் சட்டம் விதித்தல் வேண்டும். கடனைத் தாம் பெறவில்லை என ஒருவர் மறுப்பின், அவரே பெற்றார் என நிரூபிக்கும் கடமை கொடுத்த நிறுவனத்துடையதாதல் வேண்டும். நிரூபிக்கும் வரை அவரது பெயரில் பதிவு எதுவும் இருத்தலாகாது. விபரங்களைக் கசியவிட்டோர் உரியவர்களுக்கு உடனே அறிவித்து ஈடுசெய்யக் கடமைப்படல் வேண்டும். இவை யாவும் நிறைவேறும் வரை கைரேகை திரட்டும் பணி காத்திருக்கலாம்.

பல்கலைக்கழகங்களும் இவ்விடயத்தில் கைகழுவிவிட இயலாது. ஆயிரக்கணக்கான மாணவரின் அடையாள அட்டைப் பிரதிகளும் வைத்தியச் சான்றிதழ்களும் குடும்ப வருமான விபரங்களும் அவற்றின் கோப்புகளில் உள்ளன. அவை எதற்காகப் பெறப்பட்டன, எவர் பார்க்கின்றனர், எப்போது அழிக்கப்படும் என வினவும் உரிமை மாணவருக்கு உண்டு. விடையளிக்கும் கடமை நிருவாகத்திற்கு உண்டு. மனிதரின் அடையாளத்தை எவராலும் திருடிவிட முடியாது. திருடப்படுவன நிறுவனங்கள் கேட்டு வாங்கிக் காக்கத் தவறிய காகிதங்களே. அவற்றின் விலையை வாங்கியவரே செலுத்தட்டும்.