பவானியை அளக்கட்டும் மாணவர்கள்!

மேட்டுப்பாளையத்தில் சுள்ளென்று வெயில். பவானியிலோ திடீர் வெள்ளம்! நீலகிரியில் கொட்டிய மழை பில்லூர் அணைக்கு வருகிறது. அணை 100 அடி. 97 அடியைத் தொட்டால் உபரி நீர் திறப்பு. மின் உற்பத்திக்கும் தண்ணீர் விடுவார்கள். குளிக்க இறங்கும் வெளியூர்க்காரருக்கு இது எங்கே தெரியும்?

ஊர் மழையும் லேசுப்பட்டதல்ல. 2019 டிசம்பர் 2-ல் கொட்டிய மழையில் நடூரில் சுவர் இடிந்து 17 பேர் பலி!

பள்ளி மாணவர்களிடம் கொடுங்கள் இந்தக் கணக்கை. மழைமானியில் காலை 8.30-க்கு அளவெடுப்பது வானிலைத் துறை வழக்கம். அதையே இவர்களும் செய்யலாம். ஆற்றில் இறங்கவே வேண்டாம். பாலத்துத் தூணில் அடிக்குறி வரைந்தால் மேலிருந்தே பார்க்கலாம். தண்ணீர் செந்நிறமாகக் கலங்கினால் அதையும் எழுதட்டும். (மலையில் மழை என்று கரையோரப் பாட்டிகள் அப்போதே சொல்லிவிடுவார்கள்!)

அணை மட்டத்தைத் தினமும் பள்ளிக்குச் சொல்ல ஒரு போன் போதும். அதிகாரிகள் மனசு வைக்கணும். பஸ் நிலையத்தில் கரும்பலகை மாட்டி மாணவர்கள் எழுதினால், ஆற்றுக்குக் கிளம்புகிறவர் நின்று படிப்பார்.