குதிரை வாழும் தீவிற் குடியும் வாழ்க

ஒரு நிலத்தின் வளத்தை அளப்போர் அதன் நீரையும் மரத்தையும் விலங்கையும் எண்ணுவர். அங்கு வாழுங் குடியை எண்ண மறப்பின் அக்கணக்குப் பிழைபடும். நெடுந்தீவைப் பற்றி இக்காலத்திற் பேசப்படுவனவற்றைக் கேட்குந்தோறும் இவ்வெண்ணமே என் உள்ளத்தில் எழுகின்றது.

என்னிடம் பாடங்கேட்ட மாணவர் ஒருவர் தம் பாட்டனார் வீட்டைப் புதுப்பிக்கின்றார் எனக் கேள்வியுற்றுச் சென்ற விடுமுறையில் அங்குச் சென்றேன். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். படகில் என்னருகே சீமெந்துப் பைகளும் கூரைத் தகடுகளும் கிடந்தன. எதிரே, ஒளிப்படக் கருவிகளோடு குதிரை காணச் செல்லும் இளைஞர் இருந்தனர். தீவின் இன்றைய நிலை முழுவதும் அப்படகிலேயே அடங்கியிருந்தது எனலாம்.

நெடுந்தீவின் பழைய வீடுகளும் வேலிகளும் முருகைக்கல்லால் ஆனவை. வேலிக்குச் சாந்து இல்லை. கல்லின்மேற் கல்லை இசைய அடுக்குதலே அதன் நுட்பம். வீட்டுக்கோ சுண்ணாம்பே சாந்து; பனைமரமும் ஓலையுமே கூரை. மனைக்கு வேண்டியவற்றுட் பெரும்பாலான தீவிலேயே கிடைத்தன. இன்று நிலை வேறு. கரையோர வலயத்தில் முருகைக்கல் அகழ்வதை 1988 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடைசெய்தது. கடல்வளங் கருதின் அது வேண்டிய தடையே. ஆயின், வீடு கட்டுவோர் சீமெந்தையும் கம்பியையும் கடல்கடந்து கொணர்கின்றனர்; யாழ்ப்பாணத்தில் எழும் அதே சுவருக்குப் படகுக்கூலியும் ஏற்றிறக்குக் கூலியும் மேலதிகமாக இறுக்கின்றனர். என் மாணவர் இடிந்த சுவரின் பழங்கற்களையே மீண்டும் அடுக்க விரும்பினார். அவ்வேலை அறிந்த முதிய மேசன் ஒருவரைத் தேடிப் பெறுதற்குள் மாதங்கள் பல கழிந்தன.

குதிரைகளின் வரலாறும் குடிகளின் வரலாற்றோடு பிணைந்ததே. போர்த்துக்கேயர் கொணர்ந்து, ஒல்லாந்தர் பெருக்கி, ஆங்கிலேயர் காலத்திலும் வளர்க்கப்பட்டவற்றின் வழித்தோன்றல்களே இன்று வெளிகளிற் கட்டின்றித் திரிகின்றன. 2015 ஆம் ஆண்டில் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அது நன்று. எனினும், அறிவிப்பு மழையைப் பெய்விப்பதன்று. சுண்ணக்கல் நிலத்தில் நன்னீர், உவர்நீரின்மேல் மெல்லிய படலமாக நிற்பது. மழை பொய்த்து, அள்ளுதல் மிகின், கிணறு உவர்க்கும். வறட்சியிற் குதிரை மடிவதற்கும் மனையில் மனிதர் வருந்துவதற்கும் காரணம் ஒன்றே.

மாணவரின் தாயார், "குதிரை பார்க்க வருவோர் பலர், ஐயா, எங்கள் கிணற்றைப் பார்க்க வருவோர் ஒருவரும் இலர்" என்றார். அவர் கிணற்றருகே கல்தொட்டி ஒன்றில் நாடோறும் நீர் வார்த்து வைக்கின்றார். மாலையில் மூன்று குதிரைகள் அச்சமின்றி வந்து குடித்துச் சென்றதை யான் கண்டேன்.

மக்கள் நீங்கின் விலங்குகள் செழிக்கும் என்பாரும் உளர். அன்னார் ஸ்கொட்லாந்தின் மேற்கே உள்ள செயின்ற் கில்டாவை எடுத்துக்காட்டுவர். 1930 ஓகஸ்ட் 29 ஆம் நாள், அங்கு எஞ்சியிருந்த 36 பேரும் தாமே வேண்டிக்கொண்டபடி வெளியேற்றப்பட்டனர். 1958 முதல் தொண்டர்கள் கோடைகாலங்களிற் சென்று, கைவிடப்பட்ட வீடுகள் சிலவற்றைச் செப்பனிட்டனர். 1986 இல் அஃது உலக மரபுரிமைத் தலமாயிற்று. கடற்பறவைகளும் கட்டின்றித் திரியும் செம்மறிகளும் அங்கு மலிந்துள்ளன. செப்பமான வீடுகளும் உள. அவ்வீடுகளிற் பிறந்து வளரும் பிள்ளைகளோ இலர். மேலும், அச்செம்மறிகளுக்கு மழைநீருக்குக் குறைவில்லை. நம் குதிரைகளுக்கோ வறட்சியில் மனிதர் அகழ்ந்த கேணியும் துரவும் தொட்டியுமே உயிர். குடி பெயர்ந்தபின் அத்தொட்டியில் நீர் வார்ப்பவர் யாவர்?

ஆகவே, பூங்காவைக் காப்போர் மனையையும் காத்தல் வேண்டும். கட்டடப் பொருளுக்குப் படகுக்கூலிச் சலுகை அளித்தலும், குதிரை காண வருவோரால் வரும் வருவாயில் ஒரு பங்கைக் கிணறுகளுக்கும் கேணிகளுக்கும் ஒதுக்குதலும், கல்லடுக்கும் தொழிலை இளைஞர்க்குப் பயிற்றுதலும் அரசுக்கு அரியன அல்ல. குதிரையைக் காணச் செல்லும் மாணவரும், அது நீர் குடிக்குந் தொட்டி எவர் வீட்டு வாயிலில் உள்ளது என்பதையுங் கண்டு வருக.