மலையடிவாரத்துச் சோம்பல்

தேனி, போடி, கம்பம் ஆகிய ஊர்களில் எந்தத் திக்கில் தலையைத் திருப்பினாலும் மலைதான் தெரியும். ஆனால் அங்குள்ள கடைக்காரர்களுக்கும், கணக்கு எழுதுவோருக்கும், வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும் ஸ்திரீகளுக்கும் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. கேட்டால், "சர்க்கரை வியாதி, என் தலையெழுத்து" என்கிறார்கள். தலையெழுத்தாவது! பெரும்பாலும் நாளெல்லாம் உட்கார்ந்து தாமே எழுதிக்கொண்ட எழுத்தல்லவா அது?

1953ல் டாக்டர் மாரிஸ் என்பவர் லண்டன் மாடி பஸ்களை ஆராய்ந்து, உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு இருதய வியாதி குறைவு என்று வெளியிட்டார். டிரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே பருத்தவர்கள் என்ற ஆட்சேபணையும் பிறகு கிளம்பியது. ஆனாலும் பிந்திய ஆராய்ச்சிகளும் உழைக்கும் தேகத்தின் பக்கமே பேசுகின்றன.

நம்மவர் ஏறுவதே இல்லையா என்றால், ஏறுகிறார். வருஷத்துக்கொரு முறை, மாலை போட்டுக்கொண்டு. 41 நாள் மதுவை விட்டு, விடியற்காலம் எழுந்து நடக்கிறார். தேகம் சற்று தேறுகிறது. பெருமை சாமிக்குப் போகிறது! மாலையைக் கழற்றிய மறுநாள் மறுபடியும் கல்லாப் பெட்டிதான். தேற்றியது நடையும் கட்டுப்பாடுமே என்றால், மீதி 324 நாளும் ஏன் கூடாது?

பழக்கமில்லாதவரை உடனே மலைக்குப் போகச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத் தீயில் இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டதை மறக்க முடியுமா? மேனாட்டார் கட்டிடத்துக்குள்ளேயே சுவரில் கைப்பிடி, கால்பிடி பதித்து ஏறுகிறார்கள். 1964ல் இங்கிலாந்தின் லீட்ஸ் சர்வகலாசாலையில் ராபின்சன் என்பவர் ஒரு நடைவழிச் சுவரில் கற்களைப் பதித்துச் செய்த காரியம், 2021ல் டோக்கியோ ஒலிம்பிக் பந்தயமாகவே ஆகிவிட்டது.

உலக சுகாதார ஸ்தாபனம் 2020ல் சொன்னது, வாரத்துக்கு 150 நிமிஷமாவது உழைப்போடு, இரண்டு நாள் தசைகளுக்கும் வேலை வேண்டும் என்பதாகும். வெறும் நடை பின்னதைப் பூர்த்தி செய்யாது. சுவர் ஏறினால் கை, முதுகு, கால் எல்லாம் வேலை செய்யும். இரத்தக் கொதிப்பும் இருதயக் கோளாறும் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டே தொடவேண்டும். இறுகப் பிடித்துத் தொங்கினால் கொதிப்பு ஏறும்.

ஏலத் தோட்டக் கூலிப் பெண்களுக்கு இது வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டியது ஓய்வும் நல்ல கூலியும்தான். பெண்பிள்ளை சுவர் ஏறலாமா என்று முகஞ்சுளிப்போர், அப்பெண்கள் மலைச்சரிவில் நின்று வேலை செய்வதைப் பார்த்து ஒருநாளாவது சுளித்ததுண்டா?

திருவிழாவுக்கு வசூல் செய்யத் தெரிந்த ஊர்களுக்குப் பத்தடிச் சுவரும், கீழே கனத்த மெத்தையும், பழகிய ஆள் ஒருவரும் பெரிய செலவல்ல. முனிசிபாலிடிகள் இதைச் செய்யட்டும். சாதி கேளாமல், கட்டணமில்லாமல், சாயங்காலத்தில் பாதி நேரம் பெண்களுக்கென்றே ஒதுக்கித் திறந்து வைக்கட்டும்.