முகத்துவாரத்தின் கணக்கு மலையிலிருந்தே தொடங்கட்டும்

கணியம்பாடியில் உட்கார்ந்துகொண்டு கடல் முகத்துவாரத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் ஜவ்வாது மலையில் பிறந்து அமிர்தி வழியாக இறங்கும் நாகநதி, கமண்டல நதியோடு கூடிச் செய்யாற்றில் கலந்து, திருமுக்கூடலில் பாலாற்றை அடைந்து, கல்பாக்கத்துக்கு அருகே வாயலூரில் சமுத்திரத்தோடு சங்கமமாவதால், அம்முகத்துவாரத்தின் க்ஷேமத்தில் இவ்வூராருக்கும் பாத்தியதை உண்டென்பதே என் அபிப்பிராயம்.

கழிமுகம் ஆரோக்கியமாக இருக்கிறதா என்றறிய எதை அளப்பது? கரையோர நீரை அளக்கும் விஞ்ஞானிகளுக்கும் கருவிகளுக்கும் நம்மிடம் பஞ்சமில்லை; எதை, எந்த வேளையில் அளப்பது என்பதில்தான் சிக்கல். பகலெல்லாம் சூரிய ஒளியில் பிராணவாயுவை வெளியிடும் பாசியே இரவில் அதை உட்கொண்டுவிடுவதால், நண்பகலில் மொண்ட நீர் குறையொன்றுமில்லை என்று சாட்சி சொல்லும். மீன் மூச்சுத் திணறுவதோ விடியற்காலையில். ஆபீஸ் நேரத்தில் படகேறுகிற பரிசோதகர் அதைக் காண்பதெப்படி?

ஜீவராசிகளை எண்ணிப் பார்ப்பதும் எப்போதும் உண்மையைச் சொல்லிவிடாது. தென் அமெரிக்கக் கரையிலிருந்து வந்தேறி, எண்ணூர்க் கழியிலும் பழவேற்காட்டிலும் மண்டிவிட்ட காக்கா ஆழி என்னும் சிப்பியினம், கொத்துக்கொத்தாகச் சேற்றை மூடி, இறால் புதைந்து வாழும் தரையையே அபகரித்துக்கொண்டது. சிப்பிகளின் மொத்தத் தொகையை மட்டும் பார்க்கிறவர் கழி செழித்ததென்று மகிழ்ந்துபோவார். சிப்பி நீரை வடிகட்டி உண்ணும் பிராணியாதலால், நீரின் தெளிவும் அவர் பக்கமே பேசக்கூடும். வலையில் விழுவது எந்த இறால், எந்த மடவை என்று இனம் பிரித்துக் கேட்டால் மீனவர் ஒரே வார்த்தையில் விஷயத்தைச் சொல்லிவிடுவார்.

பாலாற்றுக்கு வேறொரு சாட்சியும் வேண்டும். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவைக் குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் பிரசித்தமான தீர்ப்பை வழங்கிற்று. அந்தக் கழிவிலுள்ள குரோமியமோ பெரும்பாலும் சேற்றில் படிந்து தங்குவது. ஆகவே, ஓடிப்போகிற நீரைவிடப் படுகைச் சேற்றையும் சிப்பியின் சதையையும் சோதிப்பதே யுக்தமானது.

எல்லாவற்றுக்கும் முதலானது நன்னீர் வரத்து. மலையிலிருந்து நீர் வராத மாதங்களில் மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்துவிடுகிறது. நாகநதிப் படுகையில் மழைநீரைப் பூமிக்குள் இறக்கும் கிணறுகளை அமைத்த வேலூர்ப் பகுதிப் பெண்களின் உழைப்பைப் பிரதமரே 2021-இல் வானொலியில் பாராட்டினார், அது தகும். ஆனால் எத்தனை கிணறு என்பது வேலையின் கணக்கேயன்றி ஆற்றின் கணக்கன்று. நாகநதியில் நீர் ஓடிய நாட்களைக் குறித்துவைக்க அமிர்தியில் ஓர் அளவுகோலும் ஊராட்சியில் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். அத்தொகையையும், வாயலூரில் முகத்துவாரம் திறந்திருந்த நாட்களின் தொகையையும் ஆண்டுதோறும் ஒரே தாளில் அச்சிட்டு, மலையாருக்கும் மீனவருக்கும் வழங்கும் பொறுப்பை நீர்வளத் துறை ஏற்க வேண்டும்.