மிதிக்கிற கணக்கு

பி.காம். படித்தவன் கண்ணுக்குத் தொப்பைகூட ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரிதான் தெரியும். ஒரு கிலோ கொழுப்பு என்றால் சுமார் 7,700 கலோரி. 70 கிலோ ஆசாமி மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் சைக்கிள் மிதித்தால் செலவு ஏறக்குறைய 240. தினம் தவறாமல் மிதித்தாலும் ஒரு கிலோ கரைய ஒரு மாசம் ஆகும். மிதித்த கையோடு ஓட்டலில் நுழைந்து இரண்டு மெதுவடை, ஒரு டிகிரி காபி? அன்றைய கணக்கு அன்றைக்கே டேலி!

நண்பர் ஒருவருக்கு 34 வயசு. 'சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது' என்று டாக்டர் சொன்ன வாரமே சைக்கிள் வாங்கிவிட்டார். மூணு மாசம் விடாமல் மிதித்தும் எடை மெஷின் முள் அரைக் கிலோதான் இறங்கியது.

"வேஸ்ட்டு சார், வித்துடப் போறேன்."

"பிளட் டெஸ்ட் எடுத்தீங்களா?"

எடுத்தார். சர்க்கரை நல்ல பிள்ளையாகக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்திருந்தது!

மிதிக்கிற தொடைத் தசை ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை இழுத்து எரிக்கிறது. இன்சுலினும் நன்றாக வேலை செய்கிறது. எடை குறையாவிட்டாலும் இது நடக்கும். எடை மெஷினுக்கு இந்த லாபத்தைக் காட்டத் தெரியாது.

ஆகவே, வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதியுங்கள். சைக்கிளை விற்க வேண்டாம். விட வேண்டியது வடையைத்தான்!