'ஸ்ரீ' நம்பருக்குத் தனி விலை

கனடாவில் வசிக்கும் நண்பர் ஒருவர் சென்ற மாதம் தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரித்து, ஊர்ப் புதினம் கேட்டு முடித்த பின்னர் விடயத்துக்கு வந்தார். "மச்சான், ஊரில சும்மா கிடக்கிற பழைய ஹொண்டா நைன்ரி ஒண்டு பார்த்து வாங்கி வை. நல்லூர்த் திருவிழாவுக்கு வரேக்க ஓட வேணும். காசைப் பற்றி யோசிக்காதை."

'சும்மா கிடக்கிற' என்ற அந்தச் சொல்லை எதிர்த்துத்தான் இதனை எழுதுகிறேன்.

தரகர் ஒருவர் என்னை நீர்வேலிக்கு அழைத்துச் சென்றார். பருத்தித்துறை வீதியிலிருந்து உள்ளே இறங்கிய செம்மண் ஒழுங்கையில், வாழைத் தோட்டத்தின் ஓரமாக நின்றது நண்பர் தேடிய வாகனம். சும்மா நிற்கவில்லை. பின் கரியரில் இரண்டு கதலிக் குலைகள் சணல் சாக்கில் சுற்றிக் கட்டப்பட்டிருந்தன. உரிமையாளர் அறுபதைக் கடந்தவர். வாழைக்குலைச் சந்தைக்குப் புறப்பட ஆயத்தமாக நின்றார். தரகரோ அவரைக் கவனியாமல், என்னிடம் இலக்கத் தகட்டைச் சுட்டிக் காட்டினார். "அண்ணை, இது ஸ்ரீ நம்பர். அன்ரிக். இரண்டரை இலட்சம் சொல்லுறம். அதில ஐம்பதினாயிரம் இந்த நம்பருக்கே குடுக்கலாம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. 1957 ஆம் ஆண்டு வாகன இலக்கத் தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்தைக் கட்டாயமாக்கிய போது, தமிழரசுக் கட்சியினர் அதனை அழித்துத் தமிழ் ஸ்ரீயைப் பொறித்தனர். 1958 இல் அந்த எழுத்துடன் பேருந்துகள் வடக்குக்கு வந்து சேரவே போராட்டம் மீண்டும் மூண்டது. தெற்கில் தமிழ்ப் பெயர்ப் பலகைகளுக்குத் தார் பூசப்பட்டது. பண்டா–செல்வா ஒப்பந்தம் கிழிபட்டதும் அந்த ஏப்ரலிலேதான். எங்கள் தந்தையர் தூரிகையோடு தெருவில் இறங்கி எதிர்த்த அதே எழுத்துக்கு, இன்று அவர்களின் பிள்ளைகள் ஐம்பதினாயிரம் ரூபா மேலதிகமாகக் கொடுக்க வரிசையில் நிற்கிறார்கள். மறதிக்கும் சந்தையில் விலை உண்டு போலும்!

நண்பர் அனுப்பிய படங்களையும் சொல்ல வேண்டும். வாங்கியதும் செய்ய வேண்டிய மாற்றங்கள் என்று ஏழெட்டுப் படங்கள். பின் மட்கார்ட்டை வெட்ட வேண்டும். கரியரைக் கழற்ற வேண்டும். தட்டையான ஒற்றை ஆசனம் பூட்ட வேண்டும். சைலன்சரின் உட்பகுதியை எடுத்துவிட்டு, வெளியே நார்ப்பட்டி சுற்ற வேண்டும். பளபளப்பு இல்லாத கறுப்பு வர்ணம் அடிக்க வேண்டும். இவையெல்லாம் முடிந்த பின் அது பழைய வாகனம் 'போல' இருக்குமாம்! நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பழைமையான ஒரு வாகனத்தை வெட்டிக் கொத்திப் பழைமைத் தோற்றம் கொடுப்பதென்பது, கிழவருக்கு நரை முடி ஒட்டும் வேலை.

பழைமைத் தோற்றம் வேண்டுமென்றால் அதற்கென்றே புதிதாகச் செய்து விற்கிறார்கள். ரோயல் என்ஃபீல்ட் இங்கிலாந்தின் ரெடிச் நகரில் பிறந்தது. 1955 இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கைகோர்த்துச் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் வேரூன்றியது. தாய் நிறுவனம் 1970 அளவில் மூடப்பட்ட பின்னரும் இங்கே பிழைத்தது. தமிழ்நாட்டுத் தொழிலாளர் கைகளில் உருவாகும் அதன் 'கிளாசிக்' வகையை வாங்கி ஓடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. அதனால் எந்தத் தோட்டக்காரனின் கரியரும் கழற்றப்படுவதில்லை.

ஹொண்டா நைன்ரியின் கதை வேறு. 1958 இல் ஜப்பானில் அறிமுகமான சுப்பர் கப் குடும்பத்தின் பிள்ளை அது. 2017 இல் அந்தக் குடும்பத்தின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியைத் தாண்டியது. உலகில் வேறெந்த மோட்டார் வாகனமும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. கிளச் பிடி கிடையாது. ஒற்றைக் கையில் பொருளைப் பிடித்துக்கொண்டும் ஓட்டலாம் என்பதற்காகவே அப்படி அமைத்தார்கள். ஜப்பானியத் தபால்காரர்களின் சிவப்பு எம்.டி. 90 இதன் உடன்பிறப்பு. அதுவும் நம் தெருக்களில் நன்கு உழைத்தது. சுமை தூக்கப் பிறந்த இனம் இது. அதன் கரியரைக் கழற்றுவது உழவு மாட்டின் கழுத்திலிருந்து நுகத்தை இறக்கி, கொம்புக்கு வர்ணம் பூசிப் படம் எடுப்பதற்கு ஒப்பாகும்.

"நீங்கள் மட்டும் மாற்றம் செய்யவில்லையா?" என்று நண்பர் மடக்கினார். நியாயமான கேள்வி. செய்தோம். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் வெடித்து, குடாநாட்டுக்கு எரிபொருள் தடைப்பட்ட பின் இங்கே ஓடிய மோட்டார் சைக்கிள்களில் மாற்றம் செய்யப்படாதது எது? மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது. எனவே ஊசி ஏற்றும் குழாயையோ சிறு போத்தலையோ கார்புரேட்டருக்கு மேலே பொருத்தி, சில துளி பெற்றோல் விட்டு உதைத்துக் கிளப்புவோம். எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். பின்னால் வெண்புகை ஒழுங்கையை மூடும். பிளக்கில் கரி படியும். எரியாத மண்ணெண்ணெய் கீழே வடிந்து எஞ்சின் எண்ணெயை நீராக்கிவிடும். பல்கலைக்கழகத்தில் கலைமாணிப் பட்டம் பெற்று, பத்திரிகையில் செய்தியாளனாகச் சேர்ந்த காலத்தில் நானும் அப்படி ஒரு வாகனத்தில்தான் செய்தி திரட்டினேன். பத்திரிகைத் தாள் இன்றி, பாடசாலைக் கொப்பித் தாளில் பத்திரிகை அச்சான காலம் அது. செய்தி எழுதும் கையெல்லாம் மண்ணெண்ணெய் மணக்கும். இன்றும் அந்த மணம் வந்தால் எனக்கு அச்சுக்கூடம்தான் நினைவுக்கு வருகிறது.

அந்த மாற்றங்கள் ஓடுவதற்காகச் செய்யப்பட்டவை. இந்த மாற்றங்கள் படம் எடுப்பதற்காகச் செய்யப்படுபவை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க என்னால் இயலாது.

நீர்வேலி வாகனத்தின் கார்புரேட்டருக்கு அருகே, எரிபொருள் குழாயில் ஒரு பித்தளை மூன்றுவழித் துண்டு இன்னும் இருக்கிறது. ஒரு வாய் அடைக்கப்பட்டிருக்கிறது. தரகர் அதை, "கழட்டிப் போட்டுப் புதுக் குழாய் போடலாம்" என்றார். பெரியவர் குனிந்து அதைத் தொட்டுக்கொண்டு, "தம்பி, தொண்ணூற்றைஞ்சில அம்மாவையும் ஒரு மூட்டையையும் வைச்சு இதிலதான் கைதடிக்குக் கொண்டு போனனான். பாதி வழி உருட்டினது, பாதி வழி ஓடினது" என்றார். 1995 ஒக்டோபர் 30 இரவின் வலிகாம இடப்பெயர்வை நேரில் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. அன்று கோப்பாய்–கைதடி வீதியில் மழையில் நகர்ந்தவர்களில் நானும் ஒருவன்.

இனி மிகவும் முக்கியமான விடயம். வாகனத்தைப் பார்த்து மயங்குகிறவர்கள் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. நான் பதிவுப் புத்தகத்தைக் கேட்டேன். அது பெரியவரின் மைத்துனர் பெயரில் இருந்தது. மைத்துனர் 1991 இல் ஜேர்மனி சென்றவர். அங்கேயே காலமாகிவிட்டார். "பிரச்சினை இல்லை அண்ணை, ஓப்பின் பேப்பரில விடலாம். கையொப்பம் வைக்க ஆள் இருக்குது" என்றார் தரகர் கூசாமல். இறந்தவரின் கையொப்பத்தை வைக்க உயிரோடு ஒருவர் தயாராக இருக்கிறார்! இதற்குப் பெயர் கள்ளக் கையெழுத்து. வாங்குகிறவர் அதற்கு உடந்தை.

இடப்பெயர்வுகளில் ஆவணங்களைப் பறிகொடுத்த மண் இது. ஆகவே பெயர் மாறாத வாகனங்கள் ஏராளம். அதனைக் குற்றமாக நான் கூற மாட்டேன். ஆனால் விளைவு யாரைச் சேரும்? விபத்து நேர்ந்தால் அழைப்பாணை பதிவுப் பெயருக்குப் போகும். காப்புறுதிக்காரர் கையை விரிப்பார். 2022 ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது, மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெறுவதற்குக்கூடச் சேஸிஸ் இலக்கத்தைப் பதிய வேண்டியிருந்தது. துருவேறி இலக்கம் அழிந்தவர்களும், புத்தகம் வேறொருவர் பெயரில் இருந்தவர்களும் அலைந்த அலைச்சலை நான் பார்த்தேன். 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 450 ரூபா விற்ற வேளை அது. வாங்குவதாயின் சேஸிஸ், எஞ்சின் இலக்கங்களைப் புத்தகத்துடன் ஒப்பிடுங்கள். இலக்கம் பொறித்த இடத்தில் அரம் பட்ட அடையாளமோ புதிய வர்ணமோ இருந்தால் திரும்பி நடவுங்கள். எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் அதனைப் பதிவிலும் மாற்றுங்கள்.

"என் காசு, என் விருப்பம்" என்பது நண்பரின் இறுதி வாதம். அவர் காசு அவருடையதுதான். பனியில் உழைத்த காசு, அதனை நான் இகழவில்லை. ஆனால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்த அந்த ஐந்து ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலை ஏறிய வேகத்தில், தோட்டக்காரன் ஒருவன் இன்னொரு வாகனம் வாங்குவது எளிதன்று. அதற்கு மேல் வெளிநாட்டுக் காசும் வந்து போட்டியிட்டால், மூன்று வார விடுமுறைக்காக ஒருவர் வாங்கும் விளையாட்டுப் பொருள் இன்னொருவரின் ஆண்டு முழுவதற்குமான பிழைப்பை எடுத்துவிடும். விடுமுறை முடிந்ததும் அந்தக் கறுப்பு வர்ண வாகனம் யாருடையதோ வீட்டு விறாந்தையில் சீலை போர்த்தி நிற்கும். அப்போதுதான் அது உண்மையிலேயே 'சும்மா கிடக்கும்'.

பெரியவருக்கும் விற்க மனமில்லை என்பது பேச்சின் நடுவிலேயே வெளிப்பட்டுவிட்டது. மருமகனின் வற்புறுத்தலாம். தரகர் முகம் சுளித்துப் புறப்பட்டார். நான் சிறிது நேரம் தங்கி, புத்தகத்தைத் தம் பெயருக்கு மாற்ற என்ன வேண்டும் என்று அவர் கேட்டதற்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். மரணச் சான்றிதழும் உரித்தாளர்களின் சத்தியக் கடதாசிகளும் வேண்டும். மைத்துனரின் பிள்ளைகள் இருவரும் ஜேர்மனியில். மூத்தவர் ஒப்பமிட்டு அனுப்பிவிட்டார், இளையவரின் கடிதத்துக்குக் காத்திருக்கிறோம்.

கனடா நண்பர் பிறகு அழைக்கவில்லை. வாழைக்குலைச் சந்தைப் பக்கம் காலையில் போனால் அந்த நைன்ரியைக் காணலாம், கரியரோடுதான்.