வைத்தியத் தவறு வழக்குகள்: சாட்சிக் கூண்டில் ஏறப்போகும் நிபுணர் யார்?

சில மாதங்களுக்கு முன் ஒரு குடும்பத்தினருடன் கொழும்பில் ஒரு சட்டத்தரணியைச் சந்திக்கப் போயிருந்தேன். பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்காக தனியார் வைத்தியசாலை ஒன்றில் அனுமதிக்கப்பட்ட அவர்களின் தாய் மூன்றாம் நாள் வபாத்தாகிவிட்டார். மூத்த மகன் பற்றுச்சீட்டுகள், ஸ்கேன், மருந்துத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் ஒழுங்காக அடுக்கிக் கொண்டுவந்திருந்தார். சட்டத்தரணி கோப்பைப் புரட்டவே இல்லை. இரண்டு கேள்விகள்தான் கேட்டார். "இதைப் பார்த்துவிட்டு, நடந்தது பிழை என்று நீதிமன்றத்தில் வந்து சொல்ல ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இருக்கிறாரா? பிரேத பரிசோதனை செய்தீர்களா?"

மகன் தலையைக் குனிந்துகொண்டார். "உம்மாவ வெட்ட விட மனசு வரல்ல சேர். அன்றைக்கே அஸருக்குப் பிறகு அடக்கிட்டம்."

வைத்தியக் கவனயீனம் பற்றிய வழக்குகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகள்தான். சட்டத்தரணியின் வாதத் திறமையோ, குடும்பத்தின் கண்ணீரோ அதற்குப் பிறகுதான். நமது நாட்டில் இத்தகைய நஷ்டஈட்டு வழக்குகள் ரோமன் டச்சுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. பித்தப்பையை எப்படி அகற்ற வேண்டும் என்பது நீதிபதிக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அதனால்தான் 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், 45ஆம் பிரிவில், துறைசார் நிபுணரின் அபிப்பிராயத்தைச் சாட்சியமாக ஏற்கிறது. அந்த நிபுணர் இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும். ஒன்று, அதே துறையில் நியாயமான திறமையுள்ள வைத்தியர் ஒருவர் இப்படிச் செய்திருப்பாரா என்பது. மற்றது, அந்தப் பிழையினால்தான் இந்த மரணம் நேர்ந்ததா என்பது.

முதலாவதை விட இரண்டாவதில்தான் வழக்குகள் சரிகின்றன. இதற்குப் பேராசிரியை பிரியானி சொய்ஸாவுக்கு எதிரான வழக்கை விட நல்ல உதாரணம் இலங்கையில் இல்லை. 1992இல் ஒரு சிறு பிள்ளை மூளைத் தண்டில் ஏற்பட்ட கட்டியால் இறந்தது. நோயை உரிய நேரத்தில் கண்டறியத் தவறினார் என்று தந்தை வழக்குத் தொடர்ந்தார். மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபா வழங்கியது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை இரண்டரை இலட்சமாகக் குறைத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கிவிட்டது. வைத்தியரின் செயலால்தான் மரணம் நேர்ந்தது, அல்லது அதனால்தான் மரணம் விரைந்து வந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்பதே காரணம். நோயை முன்கூட்டியே கண்டிருந்தாலும் பிள்ளை பிழைத்திருக்குமா என்ற கேள்விக்கு நிபுணர் சாட்சியம் மட்டுமே பதில் தர முடியும். ஒன்பது வருடப் போராட்டம் அந்த ஒற்றைக் கேள்வியில் போய் முடிந்தது.

அந்தச் சாட்சியத்தைச் சொல்ல ஆள் கிடைப்பதுதான் இங்கே பெரும்பாடு. சிறிய நாடு. விசேட வைத்திய நிபுணர்களில் ஏறக்குறைய அனைவரும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தினூடாக வந்தவர்கள். பிரதிவாதி ஒருவருக்கு ஆசிரியராக இருப்பார், இன்னொருவருக்கு மாணவனாக, வேறொருவருக்கு விடுதி நண்பராக. எனக்குத் தெரிந்த ஒரு வைத்தியர், தனிப்பட்ட முறையில் "இது பிழைதான்" என்று ஒரு மணி நேரம் விளக்கினார். எழுதித் தரக் கேட்டபோது தேநீர் வரவழைத்தார். அவரை நான் கோழை என்று சொல்ல மாட்டேன். அடுத்த நாள் காலை அவர் அதே சத்திரசிகிச்சைக் கூடத்துக்குத்தான் போக வேண்டும். ஆனாலும் அந்த மௌனத்தின் விலையை ஏதோ ஒரு வீடு கொடுக்கிறது.

நிபுணரின் வேலை வைத்தியரைக் குற்றவாளியாக்குவது மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். எல்லா மரணமும் தவறல்ல. மிகச் சரியாகச் செய்த சத்திரசிகிச்சைக்குப் பிறகும் கிருமித்தொற்று வரலாம், இரத்தக்கட்டி நுரையீரலை அடைக்கலாம். கோப்பைப் படித்துவிட்டு "இதில் வழக்கு இல்லை, வீணாகச் செலவழிக்காதீர்கள்" என்று நேர்மையாகச் சொல்லும் ஒரு நிபுணர், குடும்பத்துக்கும் வைத்தியருக்கும் ஒருசேர உதவி செய்கிறார். நமது சமூகத்தில் விசேட வைத்திய நிபுணர்கள் குறைவில்லை. சாட்சி சொல்ல வராவிட்டாலும், கோப்பைப் படித்துக் கருத்துச் சொல்லும் அளவுக்காவது அவர்கள் முன்வரலாமே.

சீமாட்டி றிஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பழுதடைந்த சிறுநீரகத்துடன் நல்ல சிறுநீரகமும் அகற்றப்பட்டதாகப் பெற்றோர் குற்றஞ்சாட்டிய மூன்று வயதுச் சிறுவன் 2023 ஜூலையில் இறந்தபோது, நாமெல்லோரும் முகநூலில் கொதித்தோம். கோபம் நியாயமானது. ஆனால் கோபத்தை நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க முடியாது.

இங்கே நம்மவர்களிடம் ஒன்றைப் பேசியே ஆக வேண்டும். ஜனாஸாவை விரைவாக அடக்குவது நமது வழக்கம், கடமை. உடலை வெட்டுவதில் நமக்குள்ள வேதனையும் உண்மையானது. கொவிட் காலத்தில் கட்டாயத் தகனத்தைப் பார்த்த பிறகு, மையித்தை அதிகாரிகளின் கையில் விடுவதென்றாலே பயம். ஆனால் மரணத்தில் உண்மையான சந்தேகம் இருந்தால், அன்றே பொலிஸில் முறையிட்டால்தான் திடீர் மரண விசாரணை அதிகாரி சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு வழி செய்வார். சட்டத் தேவைக்காக இதற்கு அனுமதியுண்டு என்று சொல்லும் உலமாக்கள் பலர் இருக்கிறார்கள். அடக்கிய பின் தோண்டியெடுக்க உத்தரவு பெறலாம்தான், எந்தப் பிள்ளை அதற்குச் சம்மதிக்கும்? பரிசோதனை அறிக்கை இல்லாத இடத்தில், பிறகு வரும் எவ்வளவு பெரிய நிபுணரும் "இருக்கலாம்" என்றுதான் சொல்வார். அதை உடைக்க எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு ஐந்து நிமிடம் போதும்.

சட்டம் ஒரு பக்கத்தில் இளகியிருக்கிறது. முன்னர் மரண வழக்குகளில் பண இழப்பை மட்டுமே கோர முடிந்தது. உழைக்காத பிள்ளைக்கு, வீட்டிலிருந்த தாய்க்கு என்ன இழப்பைக் காட்டுவது? 2019ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டம் வந்த பிறகு அன்பையும் பராமரிப்பையும் இழந்ததற்கும் நஷ்டஈடு கேட்கலாம். ஆனால் தவறையும், தவறுக்கும் மரணத்துக்குமான தொடர்பையும் நிரூபிக்கும் பாரம் அப்படியே வாதியின் தலையில்தான் இருக்கிறது. சுயாதீன நிபுணர் பட்டியல் ஒன்றிலிருந்து நீதிமன்றமே ஆளைத் தெரிவுசெய்யும் முறை வந்தால், "ஒரு தரப்பின் ஆள்" என்ற பெயர் இல்லாமல் ஒரு வைத்தியர் கூண்டில் ஏறலாம்.

அந்த மகன் போன கிழமை மீண்டும் தொலைபேசியில் பேசினார். வைத்தியசாலையிடம் சிகிச்சைக் குறிப்புகளின் பிரதியை எழுத்தில் கேட்டிருக்கிறாராம், பதில் இல்லை. மூன்று நிபுணர்களிடம் போயிருக்கிறார். ஒருவர் மட்டும் குறிப்புகள் கிடைத்தால் படித்துப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். இத்தகைய வழக்கைத் தொடரச் சட்டம் தரும் காலம் இரண்டு வருடம். அதில் ஏழு மாதம் போய்விட்டது.